ஒரு காளிதாஸ், எட்டு லைசென்ஸ்

இடுப்பில் துப்பாக்கி ஏறிய நாளிலிருந்து காளிதாஸின் நடையே மாறிவிட்டது. அதற்கு முன் எட்டு வருஷம் அவன் பாசிர் கூடாங்கில் ஓர் அடுக்குமாடியின் கேட்டில் ஜாகா, வெறுங்கைக் காவலாளி. கம்பியைத் தூக்குவான், இறக்குவான், வருகிறவர்களின் ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணை நோட்டில் எழுதுவான், மழை வந்தால் குடிலுக்குள் ஒதுங்குவான். நாற்பத்தாறு வயதில் பயிற்சி முடித்து, போலீஸ் அவன் பூர்வீகத்தையெல்லாம் கிளறிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, ஸ்கூடாயில் ஒரு நகைக்கடை வாசலில் கைத்துப்பாக்கியோடு நிற்கிற காவலனாக உயர்ந்தான். சம்பளம் உயர்ந்தது, நெஞ்சும் ஓர் அங்குலம் உயர்ந்தது. வயிறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

துப்பாக்கி வீட்டுக்கு வராது. வேலை முடிந்ததும் கடையின் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வருவதெல்லாம் அதைச் சுமக்க இவனுக்கு உரிமை உண்டென்று சொல்கிற லைசென்ஸ்தான். உள்ளங்கை அகலத்தில் தடித்த தாள், அதில் திருடனைப் போல முழிக்கிற அவன் படம், சில எண்கள், ஓரத்தில் நீல மையில் குத்திய ஒரு சாப், அரசாங்க முத்திரை.

அதை அவன் தெப்ராவிலிருந்த வீட்டுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த மாலையில், அவன் மனைவி கஸ்தூரி கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். வாங்கியவள் நேராகச் சாமி மேடைக்குப் போனாள். மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தாள்.

"ஏய், என்ன பண்ற? கல்யாணப் பத்திரிகையா அது? துப்பாக்கி லைசென்ஸ்!"

"புது மோட்டோர் சைக்கிளுக்கு வெச்சேன். என் தங்கச்சி லோஷினி பரீட்சை சிலிப்புக்கு வெச்சேன். இதுக்குத்தான் எல்லாத்துக்கும் மொதல்ல வெக்கணும். நீங்க சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் நன்றாகத் தேறிய பாடம் அது ஒன்றுதான்.

கஸ்தூரி தெப்ராவில் ஒரு கிளினிக்கில் கெராணி, எழுத்து வேலை. எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். தாள் விஷயத்தில் எண்ணெயோடு நிற்காமல் பலகாரமும் சுட்டுவிடுவாள். அதைப் பைத்தியம் என்று காளிதாஸ் கேலி செய்வான், ஆனால் அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கும் தெரியும். அவள் எஸ்டேட்டில் பிறந்தவள். அவள் பிறப்பை யாரும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி இல்லை. ஐசி இல்லாததால் பள்ளிக்கூடத்திலும் தொல்லை, வேலைக்குப் போன இடத்திலும் தொல்லை. இருபத்துமூன்று வயது வரைக்கும் ஒவ்வொரு கவுண்டராக நின்று, தான் பிறந்தது உண்மைதான் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். குடியுரிமையைக் காட்டும் நீல ஐசி கைக்கு வந்த அன்று எல்லாரும் அவள் கோயிலுக்குப் போவாள் என்று நினைத்தார்கள். அவள் நேராகப் போட்டோஸ்டாட் கடைக்குப் போனாள்.

அதே கடைக்குத்தான் இப்போதும் போனாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கடைவரிசையில் சந்திரமதி நடத்துகிற கடை. அப்போதுதான் அங்கே புது மெஷின் வந்திருந்தது. "கலர்ல எடுத்தா எது அசல்னு எனக்கே தெரியாதுக்கா," என்று சந்திரமதி பெருமையடித்துக்கொண்டாள். கஸ்தூரிக்கு வேறென்ன வேண்டும்? தடித்த தாளில், முன்னும் பின்னுமாக, ஏழு நகல். படம் விழுந்தது, நீல சாப் விழுந்தது, நான்கு மூலை மஞ்சள் குங்குமமும் அப்படியே பளிச்சென்று விழுந்தது. ஓரம் வெட்டி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எட்டையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோது அவளுக்கு வயிறு நிறைந்தது.

ஒன்று சாமி மேடைக்குப் போனது, ஒன்று அரிசி கொட்டிவைக்கும் பெரிய தோங்குக்குள். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து ஒன்றை ஃபிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்து ஒன்றைப் பாசிர் கூடாங்கிலிருக்கும் தங்கை லோஷினி வீட்டுக்கு அனுப்பினாள். கிளினிக் மேசை டிராயரில் ஒன்று, மோட்டோர் சீட்டுக்கு அடியில் ஒன்று. மிச்சமிருந்தது ஒரு நகலும் ஒரு ஒரிஜினலும்.

இங்கேதான் கஸ்தூரி, கஸ்தூரி மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். நகலைக் காளிதாஸின் பர்ஸில் வைத்தாள். ஒரிஜினலைத் தன் பிறப்புப் பத்திரம் இருக்கிற கோப்புக்குள் வைத்து அலமாரியைப் பூட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் அதை எடுத்து, பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுக் குங்குமம் வைத்து, மறுபடி பூட்டினாள். காளிதாஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறு மாதம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கம்பெனி சூப்பர்வைசர் மணியம் கடைக்கு வந்தார். பழைய ராணுவ சார்ஜன். காற்சட்டை மடிப்பில் கை வைத்தால் கை அறுந்துவிடும் என்று காவலர்கள் பேசிக்கொள்வார்கள்.

"டேய் காளி, மத்தியானம் போலீஸ்லேருந்து ஆபீசர் வர்றாங்க. துப்பாக்கி நம்பரு, ஒரிஜினல் லைசென்ஸ், ரெண்டையும் பாப்பாங்க. எடு, நான் மொதல்ல ஒரு தடவ பாத்துர்றேன்."

காளிதாஸ் பர்ஸிலிருந்து உறையோடு எடுத்து நீட்டினான். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாதவனின் நிம்மதியோடு நீட்டினான், பாவம்.

மணியம் தாளை உறையிலிருந்து உருவினார். நான்கு மூலைகளையும் பார்த்ததும் அவர் மீசை துடித்தது. "என்னடா இது? அரசாங்கத் தாளுல குங்குமத்தக் கொட்டி வெச்சிருக்க? ஆபீசர் கேட்டா என்ன சொல்றது?" கட்டை விரலை எச்சிலில் தொட்டு ஒரு பொட்டைத் தேய்த்தார். அது அழியவில்லை. இன்னொன்றைத் தேய்த்தார். அதுவும் அழியவில்லை. நகத்தால் சுரண்டினார். குங்குமத்துக்கு அடியில் வெள்ளைத் தாள் எட்டிப் பார்த்தது.

"காளி," என்றார், மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். "இது போட்டோஸ்டாட்டுடா."

"அலமாக்!" என்று காளிதாஸ் தலையில் கை வைத்தான்.

"மொதல்ல துப்பாக்கியக் கழட்டு."

துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் போனது. காளிதாஸ் கடைக்குப் பின்புறம் போய்ப் போன் போட்டான். அவசரத்தில் இரண்டு தடவை லோஷினிக்குப் போய்விட்டது.

"கஸ்தூரி, என் லைசென்ஸ் எங்க?"

"உங்க பர்ஸ்லதானே இருக்கு."

"அது நகலாம்ல!"

"ஆமா. ஒரிஜினல யாராச்சும் தெனமும் தூக்கிட்டுப் போவாங்களா? மோட்டோர்ல போறீங்க, மழ பெய்யுது, வேர்வ வேற. நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

"அடிப்பாவி, அப்ப ஆறு மாசமா நகல வெச்சிக்கிட்டா நான் துப்பாக்கியோட நின்னேன்?"

"நல்லாத்தானே நின்னீங்க? யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?"

காளிதாஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். ஒரிஜினல் இல்லாமல் துப்பாக்கி சுமப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று பயிற்சியில் மூன்று நாள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆபீசர் வரும்போது ஒரிஜினல் இல்லையென்றால் துப்பாக்கி போகும், வேலை போகும், மறுபடி கேட்டும் கம்பியும்தான். அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் கேட். இல்லையென்றால் கோர்ட். "உடனே கெளம்பி வா, ஒரிஜினல எடுத்துக்கிட்டு வா. என் பொழப்பே போயிரும்மா," என்றான். குரல் உடைந்துவிட்டது. அந்த உடைசலைக் கேட்ட பிறகுதான் கஸ்தூரி போனை வைத்துவிட்டுக் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு ஓடினாள்.

கடை முதலாளி ஜெயபாலனுக்கோ வேறு கவலை. வாசல் காவலனின் துப்பாக்கி உறை காலியாகத் தொங்கினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து உறைக்குள் செருகி, மேல்பட்டையை இழுத்து மூடினார். "இப்ப நில்லு. கைய மட்டும் அது மேல வெக்காத." ஒரு பெண் சங்கிலி வாங்க மகளோடு வந்தாள். "துப்பாக்கி வெச்சிருக்காரு பாரு," என்று மகளிடம் அவள் கிசுகிசுத்தபோது, காளிதாஸ் கண்ணாடிக் கூட்டோடு விறைப்பாக நின்றான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அன்று அவன் இடுப்பில் கனமே இல்லை, ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் போலீஸ்தானோ என்று பார்த்தான்.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன ஆபீசர் ஒன்றரைக்கே வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தர்மினி. முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் பொட்டில்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. மணியம் ஒரு சலாம் வைத்து, தேத்தண்ணி சொல்லி, வடை சொல்லி, தான் ராணுவத்தில் காட்டுக்குள் திரிந்த கதையை ஆரம்பித்தார். தர்மினி ஒரு வடையை முடிக்கும் வரை கதை கேட்டார்.

"கதை நல்லா இருக்கு. லைசென்ஸ் எங்க?"

"வந்துக்கிட்டு இருக்கு, புவான்," என்றார் மணியம், மேடம் என்கிற பணிவையெல்லாம் அந்தப் 'புவானில்' ஏற்றி.

"லைசென்ஸ் தனியா வருமா?"

"என் வைஃப் கொண்டாறாங்க, புவான்," என்றான் காளிதாஸ். "துப்பாக்கி பெட்டிலதான் இருக்கு. காலைல தெரிஞ்ச ஒடனே மணியண்ணன் கழட்டி வெச்சிட்டாரு." அதற்கு மேல் மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. பர்ஸிலிருந்த நகலையும் அவனே எடுத்து மேசையில் வைத்தான். தர்மினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புருவம் ஏறியது. அது இறங்குவதற்குள் கஸ்தூரி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

கிளினிக் சட்டையோடு வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை, தோளில் பெரிய பை. ஒரிஜினல் கேட்டால் ஒரிஜினலை மட்டும் கொண்டுவருகிறவளா அவள்? எதற்கும் இருக்கட்டும் என்று மேடை, தோங்கு, ஃபிரீசர், டிராயர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மேசை மேல் பையை வைக்கப் போன அவசரத்தில் அது சரிந்து கவிழ்ந்தது. கோப்பு வாயைப் பிளந்தது. அவள் பிறப்புப் பத்திரத்தோடு ஐந்து லைசென்ஸ்கள் பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒன்று இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் முட்டி நின்றது.

தர்மினி குனிந்து ஐந்தையும் பொறுக்கினார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"மீன் வாசன அடிக்குது. என்னம்மா இதெல்லாம்?"

"லைசென்ஸ், புவான்."

"எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்குத்தான், புவான்."

"எது ஒரிஜினல்?"

கஸ்தூரி ஐந்தையும் பார்த்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும் வரைக்கும் அவளுக்கு அது தெரியும். இப்போது உதடு கோணியது. "கோப்புக்குள்ளதான் இருந்துச்சு, புவான். விழுந்ததுல எல்லாம் கலந்துருச்சு."

"அம்மா, கறுப்பு வெள்ளையில ஒரு நகல் எடுத்து வெச்சா யாரும் கேக்கப் போறதில்ல. கலர்ல, தடித் தாளுல, ரெண்டு பக்கமும் அச்சு அசலா எடுத்தா அதுக்குப் பேரு நகல் இல்ல, கள்ள லைசென்ஸ். இதுல ஒண்ணு தப்பான ஆளு கையில கெடச்சா என்ன ஆகும்?"

கஸ்தூரியின் முகத்தில் ரத்தம் வற்றியதைக் காளிதாஸ் பார்த்தான். அவளைக் கவுண்டர் கவுண்டராக நிற்க வைத்த அதே பழைய பயம் அவள் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தது. அவள் மேல் காலையிலிருந்து குமைந்துகொண்டிருந்த கோபம் அந்த நிமிஷமே இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"புவான், குங்குமத்தத் தொட்டுத் தேச்சுப் பாருங்க," என்றான். "நகல்ல இருக்கறது வெறும் மை, அழியாது. எது அழியுதோ அதுதான் ஒரிஜினல்."

"ஐயோ, வேணாங்க!"

கஸ்தூரி போட்ட சத்தத்தில் ஜெயபாலன் கையிலிருந்த தட்டே ஆடியது.

"அழிக்க வேணாம், புவான். வெள்ளிக்கெழம தவறாம வெச்சுட்டு வர்றேன். அவரு பேரு, அவரு படம். அதுல நான் வெச்ச குங்குமத்தப் போயி எப்படி அழிக்கிறது?"

தர்மினி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். நெற்றியில் பொட்டு வைக்காதவராக இருந்தாலும், ஒரு பெண் புருஷன் பேரில் வைத்த குங்குமத்தை அழிப்பது என்றால் என்னவென்று அவருக்கும் புரிந்தது. "ஒரிஜினல ஏம்மா வீட்ல வெச்சீங்க?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நனையும்னா?"

"அது சும்மா சாக்கு, புவான்." கஸ்தூரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேட்ல ஜாகாவா இருந்தப்ப நான் நல்லாத் தூங்குனேன். இப்ப இவரு நகைக்கட வாசல்ல நிக்கிறாரு. கொள்ளக்காரன் வந்தா மொதல்ல யார சுடுவான்? எனக்குத் தெரியாதா? ஒரிஜினல் என்கிட்ட இருந்தா, அதத் தேடியாச்சும் ஆளு வீட்டுக்கு வந்துருவாருன்னு நானே நெனச்சுக்கிட்டேன். கிறுக்குத்தனந்தான். ஆனா தாளு தொலைஞ்சா போட்டோஸ்டாட் இருக்கு, புவான். ஆளு தொலைஞ்சா நான் எந்தக் கடைக்குப் போவேன்?"

காளிதாஸுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாதமாகத் தினமும் காலையில் அவன் கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தியபோதெல்லாம் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெருமைப்படுகிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பயத்தில் நிற்கிறாள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்தான்.

"நகருங்க, புவான். நானே தேய்க்கிறேன்."

"ஏங்க..."

"என் பேருதானே? நான் உசுரோட முன்னால நின்னு, என் கையாலயே அழிச்சா அதுல என்ன தோஷம்? சொல்லு."

கஸ்தூரி முந்தானை இல்லாத கிளினிக் சட்டையில் கண்ணைத் துடைக்க இடம் தேடினாள்.

காளிதாஸ் ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவினான். அரிசி மாவு ஒட்டியிருந்ததைத் தேய்த்தான், அழியவில்லை. மீன் வாசனை அடித்ததைத் தேய்த்தான், அழியவில்லை. மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் கட்டை விரலை வைத்தபோதே பொடி பொடியாக நெருடியது. ஆறு மாத வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அந்த மூலையில் ஏறியிருந்தன. விரலை எடுத்தான். செக்கச் சிவந்திருந்தது.

"இதுதான்," என்றான்.

தர்மினி அந்தத் தாளை வாங்கி எண்ணைத் துப்பாக்கி எண்ணோடு ஒப்பிட்டார், சாப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையசைத்தார். ஒரிஜினல் இல்லாமல் நின்ற ஆறு மாதத்துக்காகக் காளிதாஸுக்கும் மணியத்துக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை, இன்னொரு தரம் நடந்தால் துப்பாக்கியும் போகும் வேலையும் போகும் என்று வாயால் இன்னோர் எச்சரிக்கை. காளிதாஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் சிவப்பாக ஒரு ரேகை பதிந்துவிட்டது. தர்மினி அதைப் பார்த்துவிட்டு அப்படியே நோட்டை மூடினார்.

"நகலெல்லாம் நீங்களே கிழிங்க, அம்மா. என் கண்ணு முன்னால."

பர்ஸிலிருந்து வந்ததையும் சேர்த்து ஐந்து நகல்களையும் கஸ்தூரி கிழித்தாள். ஒவ்வொரு கிழிசலுக்கும் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவளைப் போல முகத்தைச் சுளித்தாள். மணியம் குப்பைக் கூடையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"முடிஞ்சுதா?"

"புவான்," என்று காளிதாஸ் தலையைச் சொறிந்தான். "மோட்டோர் சீட்டுக்கு அடியில ஒண்ணு இருக்கு."

"பாசிர் கூடாங்ல என் தங்கச்சி வீட்ல ஒண்ணு," என்றாள் கஸ்தூரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் தர்மினி முதன்முதலாகச் சிரித்தார். சீட்டுக்கு அடியிலிருந்தது வந்து கிழிபட்டது. லோஷினி தன் பங்கைக் கிழித்து, கிழிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினாள். எதற்கென்றே அவளுக்குத் தெரியாது, ஆனாலும் அக்காள் பேச்சுக்குப் பயந்து பதினாறு துண்டாகக் கிழித்திருந்தாள். போகும்போது தர்மினி கஸ்தூரியிடம் ஒரு கறுப்பு வெள்ளை நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். குறுக்கே பெரிய எழுத்தில் 'சாலினான்' என்று எழுதிவிடுங்கள், நகல் என்று குருடனுக்கும் தெரிய வேண்டும் என்றார். ஜெயபாலன் தன் கண்ணாடிக் கூட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரிஜினல் காளிதாஸின் பர்ஸில் ஏறியது. குறுக்கே எழுதிய ஒற்றை நகல் கஸ்தூரியின் கோப்புக்குள் போனது. அவன் மோட்டோர் சாவியை எடுத்தபோது அவள் குங்குமச் சிமிழோடு வழி மறித்தாள்.

"லைசென்ஸுக்கா? வேணாம் தாயே, நேத்து பட்டதே போதும்."

"தாளுக்கு இல்ல. குனிங்க."

அவன் குனிந்தான். நடு நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். யூனிஃபார்ம் போட்டவன் இப்படிப் போய் நின்றால் மணியண்ணன் கத்துவார் என்று முணுமுணுத்தான், ஆனால் துடைக்கவில்லை. அன்று மணியமும் கத்தவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மோட்டோர் சத்தம் கேட்டது. கஸ்தூரி கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றாள். காளிதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். பகல் முழுக்க நின்ற வேர்வையும் தெப்ராவ் நெரிசலும் சேர்ந்து காலைப் பொட்டைப் பாதி கலைத்திருந்தன. அவள் எட்டி, கட்டை விரலை அவன் நெற்றியில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். விரலைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது.

"ஒரிஜினல்தான்," என்று சொல்லிவிட்டு அவனை உள்ளே விட்டாள்.